ஒரு ரூபாயில் 24 பைசா கடன்: மத்திய பட்ஜெட் இணையதளமும் செயலியும், ஒரு பயனரின் மதிப்புரை

2025 பிப்ரவரி 1-ஆம் தேதி, சனிக்கிழமை. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்கள் புதிய வரி முறையில் வருமான வரி கட்டத் தேவையில்லை என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மறுநாள் மதியம் எங்கள் வீட்டில் இலை எடுப்பதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. வரியைக் குறைத்தால் மக்கள் கையில் பணம் புரளும், புரளும் பணம் வேறு வரிகளாக அரசுக்கே திரும்பி வந்துவிடும், ஆகவே அரசுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை என்பது மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் மச்சானின் கட்சி. கடன் வாங்கிச் சலுகை கொடுக்கும் வீடு உருப்படாது, இருக்கிற வருமானத்தில் பாதி மானியத்துக்கே போகிறது, அதை நிறுத்தாமல் வரியைக் குறைப்பது அநியாயம் என்பது ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் மாமனாரின் கட்சி. அரை மணி நேரம் குரல்கள் ஏறிய பிறகு, "இவ்வளவு பேசுறீங்களே, யாராவது கணக்கைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. பார்த்தவர் அங்கு யாருமில்லை.

அன்று மாலை மத்திய நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் இணையதளத்தைத் திறந்தேன். பட்ஜெட் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டேன். அதன்பின் பல வாரங்கள் அவற்றை ஒரு சேவையாகப் பயன்படுத்தியதில் கிடைத்த அனுபவத்தை வைத்து எழுதும் மதிப்புரை இது. தொலைக்காட்சியில் பொருளாதார வல்லுநர்கள் பேசுவதைக் கேட்டுக் குழம்புகிறவர்களுக்கு, வரிக்குறைப்பும் அரசுச் செலவும் பற்றாக்குறையும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைத் தாமாகவே பார்க்க இந்தச் சேவை உதவுகிறதா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட கேள்வி. உதவுகிறது. ஆனால் எந்தக் கதவு வழியாக நுழைகிறோம் என்பதைப் பொறுத்தே உதவுகிறது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் எதுவும் இல்லை. பட்ஜெட் உரை, வரவுப் பட்ஜெட், செலவுப் பட்ஜெட், நிதி மசோதா, அதன் விளக்கக் குறிப்பு, நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி வைக்கப்படும் அறிக்கைகள் என ஆவணங்கள் அனைத்தும் உரை முடிந்த சிறிது நேரத்தில் ஏற்றப்பட்டுவிடுகின்றன. செயலி 2021 ஜனவரியில் வெளியிடப்பட்டது. அந்த ஆண்டுதான் காகிதத்தில் அச்சிடாத முதல் பட்ஜெட் தாக்கலாயிற்று. 14 ஆவணங்களை அதில் படிக்கலாம், தேடலாம், இறக்கிக்கொள்ளலாம். இணையதளத்தில் பல அட்டவணைகள் எக்செல் வடிவிலும் கிடைக்கின்றன என்பது, கூட்டிக் கழித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பெரிய வசதி.

பெரும்பாலானவர்கள் பட்ஜெட் உரையிலிருந்து தொடங்குவார்கள். அது தவறான வாசல். உரை என்பது அரசு தன் கையால் எழுதிக்கொள்ளும் விளம்பரம். எந்தக் கட்சி ஆண்டாலும் அதில் அறிவிப்புகள் முன்னால் நிற்கும், எண்கள் பின்னால் ஒளிந்திருக்கும். நேராக ஒரு பார்வையில் பட்ஜெட் என்ற பொருள் தரும் பெயருடைய சிறிய ஆவணத்துக்குப் போக வேண்டும். அதன் முதல் அட்டவணையில் இருபதுக்கும் குறைவான வரிசைகளும் நான்கு பத்திகளும் மட்டுமே இருக்கின்றன. 2025-26 ஆவணத்தில் முதல் பத்தி 2023-24-க்கான உண்மைக் கணக்கு, அடுத்த இரண்டும் 2024-25-க்கான பட்ஜெட் மதிப்பீடும் திருத்திய மதிப்பீடும், கடைசிப் பத்தி 2025-26-க்கான மதிப்பீடு. ஒரு பக்கம்தான். என் கணிப்பில், இந்திய அரசு வெளியிடும் ஆவணங்களிலேயே சொல்லுக்குச் சொல் அதிக விஷயம் தரும் பக்கம் அது.

அந்தப் பக்கத்தில் எட்டாவது வரிசை மொத்த வரவு: 50,65,345 கோடி ரூபாய். ஒன்பதாவது வரிசை மொத்தச் செலவு: அதே 50,65,345 கோடி. "அட, சரியாக நேராகுதே, பிறகு எங்கே பற்றாக்குறை?" என்று மச்சான் கேட்டபோது எனக்கும் ஒரு கணம் தடுமாற்றம்தான். விடை ஏழாவது வரிசையில் இருக்கிறது. கடனும் இதர பொறுப்புகளும் என்ற அந்த வரிசையில் 15,68,936 கோடி. கீழே நிதிப் பற்றாக்குறை என்ற வரிசைக்கு இறங்கினால், அங்கும் அதே 15,68,936 கோடி. ஒரே எண் மேலே வரவாகவும் கீழே பற்றாக்குறையாகவும் இரண்டு வேடம் போடுகிறது. வரி வழியாகவும் வரி அல்லாத வழியாகவும் வரும் 34,20,409 கோடி வருவாயோடு, கடன் திரும்பி வருவதிலும் பங்கு விற்பனையிலும் கிடைக்கும் 76,000 கோடியைக் கூட்டி, அதை மொத்தச் செலவிலிருந்து கழித்துப் பாருங்கள். மீதி நிற்பதுதான் அந்தத் தொகை. மளிகைக் கடை அக்கவுண்ட் நோட்டைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்தக் கழித்தல் புரியும். இதைப் புரிந்துகொண்ட பிறகு, நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.4 சதவீதம் என்ற செய்தி வெறும் ஒலியாக இல்லாமல் ஒரு பொருளாகிறது. 2020-21-இல் கொரோனா காலத்தில் இந்த விகிதம் 9.2 சதவீதம் வரை போயிருந்தது. 2025-26-க்குள் 4.5-க்குக் கீழே கொண்டுவருவோம் என்று 2021-இல் சொன்னதை, காகிதத்தில் பார்க்கும்போது, அரசு நிறைவேற்றியிருக்கிறது.

இந்தச் சேவையில் மிகவும் பிரபலமானது ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று காட்டும் இரண்டு வட்டப் படங்கள். எல்லா நாளிதழ்களும் மறுநாள் இவற்றைத்தான் வண்ணத்தில் அச்சிடுகின்றன. 2025-26-இல் ஒரு ரூபாய் வரவில் 24 பைசா கடன், 22 பைசா வருமான வரி, 18 பைசா ஜி.எஸ்.டி. முதலிய வரிகள், 17 பைசா கார்ப்பரேட் வரி. செலவில் 22 பைசா மாநிலங்களின் வரிப் பங்கு, 20 பைசா வட்டி, 8 பைசா பாதுகாப்பு, 6 பைசா முக்கிய மானியங்கள், 4 பைசா ஓய்வூதியம். "பாதி மானியத்துக்குப் போகிறது" என்ற மாமனாரின் வாதம் இந்த ஒரு படத்தில் முடிந்துபோயிற்று. உணவு, உரம், பெட்ரோலியம் மூன்றும் சேர்ந்து 3,83,407 கோடி. வட்டி மட்டும் 12,76,338 கோடி. அதாவது ரேஷன் அரிசிக்கும் யூரியாவுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் சேர்த்துக் கொடுப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல், பழைய கடன்களுக்கு வட்டியாகவே போகிறது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

ஆனாலும் இந்த வட்டப் படங்களை நான் பாராட்ட மாட்டேன். சேவையின் மிகப் பெரிய குறை இதில்தான் இருக்கிறது என்பேன். 15,68,936 கோடியை 50,65,345 கோடியால் வகுத்தால் 31 சதவீதம் வருகிறது. அப்படியென்றால் ஒரு ரூபாயில் 31 பைசா கடன் என்றல்லவா படம் சொல்ல வேண்டும்? 24 பைசா எப்படி வந்தது? படத்துக்குக் கீழே, கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய ஒரு குறிப்பு இருக்கிறது. படத்தில் காட்டும் மொத்தத்தில் மாநிலங்களின் வரிப் பங்கும் சேர்ந்திருக்கிறது, மற்ற அட்டவணைகளில் அது கழிக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் சாரம். மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் சுமார் 14.22 லட்சம் கோடியைக் கூட்டினால் மொத்தம் ஏறக்குறைய 64.87 லட்சம் கோடி ஆகிறது. அதில் கடன் 24 சதவீதம், வட்டி 20 சதவீதம். கணக்கு பொய்யில்லை. ஆனால் மத்திய அரசு தான் செலவழிக்கும் பணத்தில் எத்தனை பங்கைக் கடனாக வாங்குகிறது, எத்தனை பங்கை வட்டியாகக் கொடுக்கிறது என்று கேட்டால் விடை 31-ம் 25-ம். மாநிலங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டிய பங்கை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டதால் வட்டம் பெரிதாகி, கடன் துண்டு மெலிந்து தெரிகிறது. வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, இந்தப் பழக்கம் பல ஆட்சிகளாகத் தொடர்கிறது. இரண்டு பக்கம் தள்ளி வேறு அடிப்படையில் ஓர் அட்டவணையைக் கொடுக்கும்போது அந்த வேறுபாட்டைக் கொட்டை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் குறை.

இனி வரிக்குறைப்புக்கு வருவோம். மச்சானின் வாதத்தைச் சோதிக்க இந்தச் சேவை எவ்வளவு கைகொடுக்கிறது என்பதே எனக்கு முக்கியமாக இருந்தது. 12 லட்சம் வரை வரியில்லை என்பதன் உள்ளடக்கத்தை நிதி மசோதாவின் விளக்கக் குறிப்பில் பார்க்கலாம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம். ஆக, 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரி உண்டு, அதைத் தள்ளுபடியாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வரம்பைத் தாண்டி 12,10,000 ரூபாய் வருமானம் வந்தவர் 61,500 ரூபாய் கட்ட வேண்டியிராது. கூடுதலாக வந்த 10,000 ரூபாய்க்கு மேல் வரி போகாதபடி விளிம்பு நிவாரணம் இருக்கிறது, செஸ் என்ற கூடுதல் வரி மட்டும் தனி. பங்குகளை விற்றுக் கிடைக்கும் மூலதன ஆதாயம் போன்ற தனி விகித வருமானத்துக்குத் தள்ளுபடி பொருந்தாது என்பதையும் அந்தக் குறிப்பிலேயே கண்டோம். மியூச்சுவல் பண்டில் பணம் போட்டிருக்கும் மச்சானின் முகம் அங்கே சற்று வாடியது. "அத்தான், இதை டி.வி.யில யாரும் சொல்லலையே" என்றான். டி.வி.யில் சொல்ல மாட்டார்கள், அத்தனை பக்கத்தைப் படிக்க அவர்களுக்கு ஏது நேரம்.

இந்தச் சலுகையால் நேரடி வரியில் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாயை விட்டுக்கொடுப்பதாக உரையிலேயே நிதியமைச்சர் சொல்லியிருக்கிறார். ஆனால் வரவுப் பட்ஜெட்டைத் திறந்தால், 2024-25 திருத்திய மதிப்பீட்டில் 12.57 லட்சம் கோடியாக இருந்த வருமான வரி, ஒரு லட்சம் கோடியை விட்டுக்கொடுத்த பிறகும் 2025-26-இல் 14.38 லட்சம் கோடியாக உயரும் என்று போட்டிருக்கிறார்கள். 14 சதவீதத்துக்கும் மேலான வளர்ச்சி. அதே ஆவணங்களில் நாட்டின் மொத்த உற்பத்தி, விலையேற்றத்தையும் சேர்த்து, 10.1 சதவீதம்தான் வளரும் என்று கணித்திருக்கிறார்கள். வரியைக் குறைத்த ஆண்டில் வரி, பொருளாதாரத்தைவிட வேகமாக வளர வேண்டுமென்றால் நம்பிக்கை கொஞ்சம் தாராளமாகவே இருக்க வேண்டும். பட்ஜெட் மதிப்பீடு என்பது கணிப்பு, கணக்கல்ல. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருப்பவர்கள் மூன்றாவது பத்தியான திருத்திய மதிப்பீட்டையும், ஈராண்டு கழித்து வரும் உண்மைக் கணக்கையும் தேடிப் படிப்பார்கள். அவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்குக் கணக்குத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் மாதாமாதம் வெளியிடும் வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. பட்ஜெட் தளத்தில் அதற்குத் தெளிவான வழிகாட்டுதல் முன்பக்கத்திலேயே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரிக்குறைப்பு தன் செலவைத் தானே ஈடுகட்டிக்கொள்ளுமா என்ற கேள்விக்குப் பழைய ஆண்டுகளின் ஆவணங்களும் தளத்திலேயே இருப்பது மிகவும் உதவியது. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி கார்ப்பரேட் வரியின் அடிப்படை விகிதத்தை, சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு 22 சதவீதமாகவும் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி இழப்பு என்று அன்றே மதிப்பிட்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளின் உண்மைக் கணக்குப் பத்தியை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதினோம். 2018-19-இல் 6.64 லட்சம் கோடி, 2019-20-இல் 5.57, 2020-21-இல் 4.58, 2021-22-இல் 7.12, 2022-23-இல் 8.26, 2023-24-இல் 9.11. "பாருங்க, குறைச்ச பிறகு ஏறியிருக்கு" என்று மச்சான் கடைசி எண்ணைத் தொட்டுக் காட்டினான். "நடுவுல கொரோனா வந்துச்சேப்பா, அதுல விழுந்தது எவ்வளவு, இதுல விழுந்தது எவ்வளவு?" என்று மாமனார் கேட்டார். இருவர் கேள்வியும் நியாயமானது. மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், 2018-19-இல் சுமார் 3.5 சதவீதமாக இருந்த கார்ப்பரேட் வரி 2023-24-இல் 3 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. அதே 2023-24-இல் தனிநபர் வருமான வரி 10.45 லட்சம் கோடி. நிறுவனங்கள் கட்டுவதைவிட மாதச் சம்பளக்காரர்களும் சிறு வியாபாரிகளும் மற்ற தனிநபர்களும் கட்டுவது அதிகமாகிவிட்டது. வரியைக் குறைக்காமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. அதை இந்தச் சேவையின் குறையாக நான் எண்ணவில்லை, ஆனால் விவாதம் முடியாததற்குக் காரணம் அதுதான்.

இந்த இடத்தில் யாரும் புரட்டாத ஒரு பகுதியைச் சுட்டிக்காட்ட வேண்டும். வரவுப் பட்ஜெட்டின் பின்னிணைப்பாக, வரிச் சலுகைகளால் அரசு எவ்வளவு வருவாயை விட்டுக்கொடுக்கிறது என்ற அறிக்கை ஆண்டுதோறும் வருகிறது. 2006-07-இலிருந்து இந்த வழக்கம் தொடர்கிறது. மானியம் என்றால் செலவுப் பட்டியலில் தெரிகிறது, தொலைக்காட்சியில் இலவசம் என்று திட்டு வாங்குகிறது. வரிச் சலுகையோ வராத பணம் என்பதால் எந்தச் செலவுப் பட்டியலிலும் தெரிவதில்லை, அதைச் சலுகை என்று மரியாதையாகவே அழைக்கிறோம். பற்றாக்குறையைப் பொறுத்தவரை, கொடுத்த ஒரு ரூபாயும் வாங்காமல் விட்ட ஒரு ரூபாயும் ஒன்றுதான். இந்தப் பின்னிணைப்பைச் செயலியின் முகப்பில் வைத்திருந்தால் இலவசங்களைப் பற்றிய பாதிச் சண்டைகள் வேறு மாதிரி நடக்கும்.

ஆவணங்களின் நேர்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-21-க்கு முன்பு சில ஆண்டுகள், உணவு மானியத்தில் ஒரு பகுதியை அரசு தன் கணக்கில் காட்டாமல், இந்திய உணவுக் கழகம் தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிச் சமாளிக்கும்படி விட்டிருந்தது. பற்றாக்குறை விகிதம் அதனால் குறைவாகத் தெரிந்தது. தணிக்கைத் துறை இதைக் கண்டித்தது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அந்தக் கடனைக் கணக்குக்குள் கொண்டுவந்தபோது, 2020-21-க்கு 1,15,570 கோடியாக இருந்த உணவு மானிய மதிப்பீடு, திருத்திய மதிப்பீட்டில் 4,22,618 கோடியாகத் தாவியது. கொரோனா கால இலவச அரிசியும் அதில் உண்டு என்றாலும், பழைய பாக்கியும் கணிசமாக உண்டு. தவறைத் தானே திருத்திக்கொண்டது பாராட்டுக்குரியது. செலவு விவரத் தொகுதியில் பட்ஜெட்டுக்கு வெளியே திரட்டும் நிதியைக் காட்டும் 27-ஆம் அறிக்கையைப் பார்க்கும் பழக்கம் இருந்தவர்களுக்கு மட்டும் இது அதிர்ச்சியாக இருந்திருக்காது. பற்றாக்குறை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர்களுக்கு இந்தத் தளம் அரை உண்மையைத்தான் தரும்.

செயலியைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. ஆவணங்களை அடுக்கி வைத்திருக்கும் ஓர் அலமாரி அது. அகன்ற அட்டவணைகளைக் கைப்பேசித் திரையில் இடமும் வலமும் இழுத்துப் படிப்பதற்குள் எந்த வரிசையில் இருந்தோம் என்பது மறந்துவிடும். பெரிய திரையில் தளத்தையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அச்சிடுவதிலும் கவனம் தேவை: நான் எங்கள் பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வாங்கி வந்த தாளில் வலது ஓரம் வெட்டுப்பட்டு, நான்காவது பத்தியே காணவில்லை. அதாவது 2025-26 பட்ஜெட்டில் 2025-26 மட்டும் இல்லை. மறுபடி போய்த் தாளைக் கிடைமட்டமாகத் திருப்பி அச்சிடச் சொன்னேன்.

மொழிக் குறையை மறைத்துச் சொல்ல முடியாது. தளமும் செயலியும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இயங்குகின்றன. 2025 பட்ஜெட் உரையில், வருமான வரிச் சலுகையை அறிவிக்கும் பகுதியில்தான் நிதியமைச்சர் 542-ஆம் குறளை மேற்கோள் காட்டினார். வானத்தை நோக்கி உலகம் வாழ்வதுபோல் மன்னவனின் செங்கோலை நோக்கிக் குடிமக்கள் வாழ்கிறார்கள் என்பது அதன் பொருள். குறள் கிடைத்தது, கணக்கு கிடைக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-இல் தாக்கல் செய்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், ப. சிதம்பரம், இன்று நிர்மலா சீதாராமன் என்று அந்த நாற்காலியில் தமிழர்கள் அமர்ந்த ஆண்டுகள் குறைவல்ல. முழு ஆவணத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம், அந்த முதல் அட்டவணையுள்ள ஒரு பக்கத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் வங்காளியிலும் தருவதற்கு எத்தனை நாளாகும்? தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கை உரை ஆண்டுதோறும் தமிழில் வாசிக்கப்பட்டுத் தமிழில் கிடைக்கும்போது, மத்திய அரசின் ஒரு பக்கம் மட்டும் ஏன் எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

தளத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது பழைய உரைகளின் பகுதியில். சண்முகம் செட்டியாரின் பட்ஜெட்டில் வருவாய் 171.15 கோடி, செலவு 197.39 கோடி. துண்டு விழுந்தது 26.24 கோடி. அன்றும் துண்டு விழுந்திருக்கிறது. 1991 ஜூலை 24-இல் மன்மோகன் சிங் ஆற்றிய உரையில், 1990-91-இல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை உற்பத்தியில் 8 சதவீதத்தைத் தாண்டியதை ஒளிக்காமல் சொல்லியிருப்பதைப் படிக்கும்போது, நெருக்கடியில் இருக்கும் அரசுதான் கணக்கைத் தெளிவாகப் பேசுகிறது என்று தோன்றியது. 1970-களில் வருமான வரியின் உச்ச விகிதம் மேல்வரியோடு சேர்த்து 97.75 சதவீதத்தைத் தொட்டிருந்ததும், 1997-இல் சிதம்பரம் அதை 30-க்கு இறக்கியதும் இந்த உரைகளின் வழியே பின்தொடரக்கூடிய கதைகள். பட்ஜெட் உரை தவறான வாசல் என்று மேலே சொன்னேன். ஐம்பது ஆண்டு பழையதாகிவிட்டால் அதுவே நல்ல வாசிப்பாகிவிடுகிறது.

மாமனாரை உண்மையில் அசைத்தது வேறொரு சிறு அட்டவணை. பற்றாக்குறையை எங்கிருந்து நிரப்புகிறார்கள் என்று அதே சிறிய ஆவணத்தில் ஒரு பக்கம் காட்டுகிறது. 2025-26-இல் சந்தையிலிருந்து நிகரக் கடன் 11.54 லட்சம் கோடி. அடுத்த பெரிய தொகை சிறுசேமிப்பிலிருந்து 3.43 லட்சம் கோடி. "சிறுசேமிப்புன்னா?" என்று கேட்டார். அஞ்சலகச் சேமிப்பு, பி.பி.எஃப்., செல்வமகள் திட்டம், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் எல்லாம் ஒரு நிதியில் சேர்கின்றன, அந்த நிதி அரசுக்குக் கடன் கொடுக்கிறது என்றேன். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் பெரும்பகுதியை அவர் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டிருக்கிறார். 8.2 சதவீத வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் கணக்கில் விழுகிறது. வீட்டில் யாரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "அப்ப அந்த 20 பைசா வட்டியில நானும் இருக்கேனா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். இருக்கிறீர்கள் மாமா, கடன் கொடுத்தவர் என்ற முறையில் என்றேன். அரசு கடன் வாங்கவே கூடாது என்று இரண்டு வாரமாக வாதாடியவரின் மாதாந்தர மருந்துச் செலவே அந்தக் கடனின் வட்டியில் ஓடுகிறது. அப்படியே, வரிக்குறைப்பை ஆதரித்த மச்சானின் வருங்கால வைப்பு நிதியும் கணிசமாக அரசுக் கடன் பத்திரங்களில்தான் கிடக்கிறது. வரி கட்டுபவர், கடன் கொடுப்பவர், மானியம் வாங்குபவர் என்று மூன்று பேரைத் தனித்தனியாக நிறுத்தி வைத்துப் பேசுகிறோம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த மூவரும் மாறி மாறி ஒரே ஆட்களாக இருந்தார்கள்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். கணக்கின் முழுமைக்கும், பழைய ஆண்டுகளைக் காத்து வைத்திருப்பதற்கும், எக்செல் வடிவத்துக்கும் முழு மதிப்பெண். வட்டப் படத்தின் சிற்றெழுத்துக் குறிப்புக்கு அரை மதிப்பெண் குறைத்தேன், மொழிக்கு ஒரு முழு மதிப்பெண். வருமான வரி கட்டுபவர்கள் மட்டுமல்ல, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் பெரும்பாலும் 5 சதவீதமும் 18 சதவீதமுமாகச் சுருங்கிய பிறகு சோப்புக்கும் ஷாம்புக்கும் என்ன குறைந்தது என்று பில்லைப் பார்த்தவர்களும் இந்தத் தளத்துக்கு ஒருமுறை போய்வரலாம். அந்தக் குறைப்புக்கு அரசு சொன்ன மதிப்பீடு சுமார் 48,000 கோடி. அதை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பது இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது முறை அச்சிட்டு வந்த தாள் மாமனாரிடம் இருக்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே சிவப்பு மையில், விடைத்தாள் திருத்தும் அதே கையெழுத்தில், தமிழில் பெயர் எழுதி வைத்திருக்கிறார். ஏழாவது வரிசையில் "கடன்" என்றும், நிதிப் பற்றாக்குறை வரிசையில் "அதே கடன்" என்றும் இருக்கிறது.